ஏழாம் பெட்டியில் நாற்காலி

1

இந்தக் கதை ஒரு பனிக்கரடியில் தொடங்கியது. கரடி இதில் நடமாடப் போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

ஒரு மதியம் போன் அடித்தது. கருத்துக்கணிப்பு நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு பெண் பேசினார். இந்த மாதிரி அழைப்புகளை நான் வழக்கமாக "ராங் நம்பர்" என்று சொல்லித் துண்டித்துவிடுவேன். அன்றைக்கு மின்சாரம் போய், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு, எழுதாமல் இருக்க ஒரு சாக்குக் கிடைத்தால் போதும் என்றிருந்தேன். கேளுங்கள் என்றேன்.

"பருவநிலை மாற்றம்னு சொன்னதும் உங்க மனசுல முதல்ல என்ன தோணுதுங்க?"

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேனே."

"யோசிக்காதீங்க. முதல்ல தோணுறதுதான் எங்களுக்கு வேணும். யோசிச்சீங்கன்னா அது ரெண்டாவதுங்க."

"பனிக்கரடி," என்றேன்.

அவர் நன்றி சொல்லி அடுத்த கேள்விக்குப் போனார். எனக்குத்தான் மனசு அங்கேயே நின்றுவிட்டது. நான் பனிக்கரடியைப் பார்த்ததில்லை. பார்க்கப் போவதும் இல்லை. பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு, யாரோ எங்கோ எடுத்த படத்தில் பனிக்கட்டி மேல் நின்ற ஒரு மிருகத்தைச் சொல்லியிருக்கிறேன். வெளியே சொன்னால் வெட்கக்கேடு. ஆனால் சொல்லியாகிவிட்டது. குரலைப் பதிவுசெய்கிறோம் என்று அந்தப் பெண் முதலிலேயே சொல்லியிருந்தார்.

அப்படியென்றால் அந்தக் குரலை யாரோ ஒருவர் உட்கார்ந்து கேட்பார் அல்லவா? என் கரடியைக் கேட்டு அவர் சிரித்திருப்பாரா, அலுத்துக்கொண்டிருப்பாரா? அந்த யாரோவைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துத்தான் இதில் மாட்டிக்கொண்டேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"ஊரே வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த அந்தக் காலையில், பாலத்தின் மேல் இளைஞர்கள் சிலர்..."

விட்டுவிட்டேன். ஊரே கொதிப்பதெல்லாம் செய்தித்தாளில்.

"போராட்டங்களால் மக்களிடையே விழிப்புணர்வு கூடுகிறதா, வெறுப்புத்தான் கூடுகிறதா என்ற கேள்விக்கு..."

இது கட்டுரை. இதை எழுத என்னைவிடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அதோடு, கட்டுரையைப் படித்து யாரும் கண்கலங்குவதில்லை. [வாசகரைக் கண்கலங்க வைப்பதுதான் உன் நோக்கமா என்று கேட்டால், மழுப்பாமல் சொல்கிறேன்: ஆமாம்.]

"அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று நாற்காலிகள் இருந்தன."

இதை வைத்துக்கொள்கிறேன். நாலு இருக்க வேண்டிய மேசை. நாலாவது இப்போது காவல் நிலையத்தில், காலில் ஒரு அட்டை கட்டித் தொங்க, சாட்சிப் பொருளாக இருக்கிறது. அவளுடைய ஒரே மகள் சிறையில் இருக்கிறாள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

3

அவள் வேலை, பதில்களைப் பிரிப்பது.

நீளமான ஒரு அறை. வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கணினி, காதில் மாட்டுகிற ஹெட்போன். ஹெட்போனின் பஞ்சு பிய்ந்துபோனதால் அவள் தன்னுடையதற்குப் பழைய காட்டன் புடவையில் உறை தைத்துப் போட்டிருந்தாள். போனில் ஆட்கள் சொன்ன பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் விழும். கேட்டு, எந்தப் பெட்டி என்று முடிவுசெய்து, எண்ணை அழுத்த வேண்டும். ஒன்று என்றால் வெயில். இரண்டு, மழை வெள்ளம். மூன்று கடல். நான்கு விலங்கும் காடும். ஐந்து புகை, தொழிற்சாலை. ஆறு, தெரியாது. ஏழு, பொருந்தாதவை.

"போனை வைம்மா" என்பவர்கள், "பால் பொங்குது" என்று ஓடுகிறவர்கள், பதிலுக்குப் பதில் தன் மருமகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் ஏழாம் பெட்டிக்குப் போவார்கள். ஏழாம் பெட்டி கடைசிக் கணக்கில் வராது. அதில் விழுந்த பதில், சொல்லாத பதிலுக்குச் சமம்.

இரண்டு விதிகள். ஒருவர் முதலில் சொன்னது மட்டும்தான் கணக்கு. அழுத்திய பதில் திரும்ப வராது. திரும்பத் திறக்க வேண்டுமென்றால் மேற்பார்வையாளரிடம் போய் நிற்க வேண்டும். அவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் தராசு. யார் பக்கமும் சாயாத மனிதர், அவர் டீயில் சர்க்கரை போடுவதைக்கூட நின்று பார்க்கலாம் என்பார்கள்.

அந்த அறையில் அவள் கைதான் வேகம். முதல் சொல் காதில் விழுந்து முடிவதற்குள் விரல் இறங்கிவிடும். மீதியைக் கேட்கிற வழக்கமே இல்லை. கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியது இதில்தான், கெட்டதும் இதில்தான்.

[நாற்காலி என்று நான் எழுதுகிறேன். போனில் பேசியவர்கள் சொன்னது "சேர்". எழுத்தில் கொஞ்சம் மரியாதை கூட்டிவிட்டேன், அவ்வளவுதான்.]

அன்று மதியத்துக்கு மேல் ஒருவர் "சேர்" என்றார். ஏழு. இன்னொருவர், "சேரு." ஏழு. "அந்த சேர்க்காரப் பசங்க." ஏழு. இன்னொரு பெண், "ஐயோ, அந்த சேரு."

அவள் ஹெட்போனை இறக்கிவிட்டுப் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னாள்.

"என்னடி இது, எல்லாரும் சேர் சேர்ங்கிறாங்க. எங்கயாவது ஃபர்னிச்சர் தள்ளுபடி போட்டிருக்கானா?"

"எனக்கும் வந்துச்சுக்கா. டிவில ஏதோ புது விளம்பரம் போல."

இருவரும் சிரித்தார்கள். அவள் வீட்டிலும் ஒரு நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது. மகள் அதை ரிப்பேருக்குக் கொடுப்பதாக அன்று காலைதான் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். தள்ளுபடியில் நல்லதாக இருந்தால் ஒன்று வாங்கிவிடலாம் என்றுகூட நினைத்தாள். ஷிப்ட் முடியும்வரை நாற்காலிகளை ஏழில் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போது காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் முறைப்பாகப் பேசவில்லை. "பயப்படாதீங்கம்மா. பொண்ணு எங்ககிட்டதான் இருக்கு. ஒரு சேரும் இருக்கு. செவப்பு மெத்தை போட்டது. உங்களுதுதானே?"

4

பாலத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் அங்கே இல்லை. அவளும் இல்லை. அதனால் இரண்டு பேருக்கும் தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்கிறேன்.

பருவநிலை மாற்றத்துக்காகப் போராடுகிற இளைஞர்கள் சிலர், அவரவர் வீட்டிலிருந்து ஆளுக்கொரு நாற்காலி எடுத்து வந்தார்கள். வாடகைக்குச் சில கூடுதல் நாற்காலிகள். வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் கடக்கிற நேரத்தில், பாலத்தின் குறுக்கே ஜோடி ஜோடியாகப் போட்டார்கள். ஜோடியில் ஒன்றில் ஒருவர் உட்கார்ந்தார், இன்னொன்று காலி. கோஷம் இல்லை. பதாகை இல்லை. வண்டியிலிருந்து இறங்கித் திட்ட வந்தவர்களிடம் எல்லாம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள். "வந்து ஒரு நிமிஷம் உக்காருங்க."

அந்தக் கோடையில் அந்தப் பாலத்தில் நிழலே கிடையாது.

[இந்த இடத்தில் நீங்கள் ஒரு ஆம்புலன்ஸை எதிர்பார்ப்பீர்கள். முதல் வரைவில் நானும் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினேன். உள்ளே ஒரு முதியவர், ஆக்சிஜன், அழும் மனைவி. பிறகு நீக்கிவிட்டேன். ஆம்புலன்ஸ் வந்துவிட்டால் உங்களுக்கு யோசிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. எனக்கும் வேலை சுலபமாகிவிடும். அவர்கள் ஆம்புலன்ஸுக்கு ஒரு வழி விட்டு வைத்திருந்தார்கள். அதில் அன்று எதுவும் வரவில்லை. அதற்காக யாருக்கும் நஷ்டமில்லை என்று அர்த்தமில்லை, பொறுங்கள்.]

5

மறுநாள் அவள் லீவு போடவில்லை. வீட்டில் இருந்தால் மூன்று நாற்காலிகளையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அலுவலகத்தில் யாருக்கும் விஷயம் தெரியாது. வாயை இறுக்க மூடிக்கொண்டு ஹெட்போனை மாட்டினாள்.

காதுக்குள் ஊர் பேசியது.

"சேர். வேற என்ன தோணும்? அவனுங்கள அதுலயே கட்டி ஆத்துல தள்ளணும்."

"அந்தச் செவப்பு மெத்தை சேர்ப் பொண்ணு. திமிரு. பெத்தவங்க வளர்த்த லட்சணம்."

அந்த மெத்தையை அவள்தான் தைத்தாள். மகளுக்கு மூச்சு இழுப்பு உண்டு; சின்ன வயதில் இரவெல்லாம் படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குவாள், குத்தக்கூடாது என்று தைத்தது. விதிப்படி அந்தப் பதில் ஏழுக்குப் போக வேண்டும். விரல் ஏழின் மேல் இருந்தது. அழுத்தினாள்.

அடுத்த குரல் ஒரு இளைஞன். கோபமே இல்லை. "சேர்தாங்க. நேத்து எனக்கு இன்டர்வியூ. நேரத்துக்குப் போக முடியல. மறுபடி கூப்பிட மாட்டாங்களாம். அதான் தோணுது."

திட்டியவர்களை அவள் பதிலுக்குத் திட்டிக்கொண்டாள், மனசுக்குள். இவனை எப்படித் திட்டுவது? இவன் அம்மா அன்று மாலை என்ன சமைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாளோ. ஏழு.

அதற்குப் பிறகு ஒரு வயதான மனிதர்.

"சேர். தூ."

விரல் இறங்கியிருக்க வேண்டும். எத்தனையோ வருஷப் பழக்கத்தில் முதல்முறையாக அவள் அழுத்தாமல் விட்டாள். ஏன் என்று கேட்காதீர்கள், அந்தத் "தூ"வில் ஏதோ களைப்பு இருந்தது. போனில் கேட்ட பெண் அடுத்த கேள்விக்குப் போவதும், அவர் குறுக்கே பேசுவதும் கேட்டது.

"இரும்மா, ஒண்ணு சொல்லிடறேன். நேத்து வண்டில ஏசி வேலை செய்யல. இறங்கி நாலு வார்த்தை கேக்கலாம்னு போனேன். அந்தப் பொண்ணு, உக்காருங்க சார்ங்குது. எனக்குக் கால் வலி. சரின்னு உக்காந்தேன். சுட்டுச்சும்மா. தோல் ஒட்டிக்கிற மாதிரி. எந்திரிச்சுட்டேன். அந்தப் பொண்ணு காலையிலேருந்து பக்கத்து சேர்ல அப்படியே உக்காந்திருக்கு. மூச்சு வாங்குது அதுக்கு. உக்காந்திருக்கு."

"அடுத்த கேள்விங்க சார்."

"ம். கேளு."

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். முதலில் சொன்னதுதான் கணக்கு. முதலில் அவர் சொன்னது சேர், தூ. ஆனால் அவர் சொன்னது வெயில். வெயிலைத் தவிர அவர் வேறு எதையும் சொல்லவில்லை.

நேற்று மதியம் சிரித்துக்கொண்டே ஏழில் தள்ளிய நாற்காலிகளில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு மீதி இருந்திருக்கும்? சீட்டை விட்டு எழுந்தாள்.

6

தராசின் அறைக்கு அவள் போனதை மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் அவள் மேசையைத் தட்டிப் பேசினாள். இன்னொன்றில் அழுதாள். இரண்டும் என் ஆசை. அவள் உண்மையில் கதவருகே நின்று, உட்காரச் சொன்ன பிறகும் உட்காராமல் சொன்னாள்.

"சார், சேர்னு வர்ற பதிலை ஏழுல போடுறோம். அது தப்பு சார்."

"விதி அப்படித்தானே மேடம். சேருக்கும் பருவநிலைக்கும் என்ன?"

"நேத்துலேருந்து இருக்கு சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் மீதியையும் சொன்னாள்.

"அந்தச் செவப்பு மெத்தைப் பொண்ணு என் பொண்ணு சார்."

தராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க ஒரு கண்ணாடிக்குத் தேவைப்படுவதைவிட அதிக நேரம் ஆயிற்று.

"இதை நீங்க காலையில வந்ததுமே சொல்லியிருக்கணும்."

"ஆமா சார்."

"இனிமே அந்தப் பதில் எதுவும் உங்க மேசைக்கு வராது. உங்களுக்கு அது நல்லதில்ல, கணக்குக்கும் நல்லதில்ல."

"சரி சார்."

"நேத்து ஏழுல போனதை எல்லாம் நானே திறந்து கேக்குறேன். எட்டாவதா ஒரு பெட்டி போடணுமான்னு மேல கேட்டுச் சொல்றேன்."

அவர் சொன்னதைச் செய்தார். கேட்டார்; எல்லாவற்றையும், கடைசி மூச்சுவரை கேட்டார். எட்டாம் பெட்டி வந்தது. அதற்கு "போராட்டம்" என்று பெயர் வைத்தார்கள். சில வாரங்கள் கழித்து, இன்னும் வெளியே வராத கணக்கை அவர் அவளிடம் வாய்வார்த்தையாகச் சொன்னார். சொல்லக்கூடாது. அவர் சாய்ந்ததாக அந்த அலுவலகத்தில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

"எட்டு நிறைய நிரம்பியிருக்கு மேடம். பாதிக்கு மேல திட்டுதான். வெயில்னு சொன்னவங்க கூடல."

அவள் தலைகுனிந்தாள்.

"குறையவும் இல்ல. முன்ன எவ்வளவோ அவ்வளவே. குறைஞ்சது நாலாவது பெட்டி. முன்னெல்லாம் கரடி கரடின்னு சொல்லுவாங்களே, அவங்கதான் இப்ப சேர்ங்கிறாங்க."

"அப்ப மாறியிருக்குன்னு சொல்லலாமா சார்?"

"கரடி போயி சேர் வந்திருக்கு. அதுக்கு மாற்றம்னு பேரான்னு என்கிட்ட கேக்காதீங்க. பிரிக்கிறதுதான் நம்ம வேலை."

[படிக்கிற யாராவது இதை நிஜக் கணக்கு என்று எங்கேயும் மேற்கோள் காட்டிவிட வேண்டாம். நான் உட்கார்ந்து இட்டுக்கட்டியது. ஆனால் கரடி மட்டும் நிஜம், அது என்னுடையது.]

7

மகளை எழுத வரவில்லை.

எழுதினால் மேடைப் பேச்சாக வருகிறது. "நம் தலைமுறையின் எதிர்காலத்தை..." என்று வாயைத் திறக்கிறாள், நான் அடித்துவிடுகிறேன். விளையாட்டுப் பிள்ளையாக எழுதினால் அவள் செய்தது விளையாட்டாகிவிடுகிறது. தியாகியாக எழுதினால் இன்டர்வியூ தவறிய பையன் குறுக்கே வந்து நிற்கிறான். கடைசியில் அம்மாவுக்குத் தெரிந்த மகளை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்குத் தெரிந்தது ஒரு விளையாட்டு. பள்ளி விட்டு வந்ததும் மேசையில் உட்கார வைத்து, தன் வேலையில் கேட்பது போலவே கேட்பாள். "இன்னிக்கு ஸ்கூல். முதல்ல தோணுறது?" மகள் கண்ணை மூடிக்கொண்டு கத்துவாள். "சாக்பீஸ்." "சண்டை." "கணக்கு டீச்சரோட புதுச் செருப்பு." ஒருநாள் மெதுவாக, "யாரும் பேசல" என்றாள். யோசித்திருந்தால் அதைச் சொல்லியிருக்கமாட்டாள். அதுதான் அந்த விளையாட்டின் பயன். முதலில் தோன்றுவதைச் சொல்லும்போது பொய்க்கு நேரம் கிடைப்பதில்லை. அப்பா போன பிறகு இருவரும் ஒருவரையொருவர் அப்படித்தான் விசாரித்துக்கொண்டார்கள்.

ரிப்பேர் என்று சொல்லி நாற்காலியைத் தூக்கிப்போன அன்று காலை அம்மா அப்படிக் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

8

வக்கீல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லியிருந்தார். செய்தது தப்பு, இனிமேல் இப்படி எதிலும் கலந்துகொள்ளமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். போடாவிட்டால் வழக்கு முடியும்வரை உள்ளேதான், தண்டனை என்று வந்தால் வருஷங்கள். கூட இருந்தவர்களில் பெரும்பாலோர் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சந்திக்கிற அறையில் குறுக்கே ஒரு கம்பி வலை. இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு, அந்தப் பக்கம் ஒரு பெஞ்சு. மின்விசிறி இந்தப் பக்கம் மட்டும். மகள் இளைத்திருந்தாள். முழங்காலுக்குப் பின்னால் வெயிலில் கன்றித் தோல் உரிந்த இடம் கறுத்திருந்தது. பேசும்போது வாக்கியத்தின் நடுவில் மூச்சு விசில் அடித்தது. அம்மாவின் காது அதற்கென்றே பழகிய காது.

"மருந்து ஊதுறியா?"

"குடுக்கறாங்கம்மா. ராத்திரிதான் கொஞ்சம். ரூம்ல காத்து வராது."

"வக்கீல் வந்தாராமே."

"வந்தாரு. பேப்பரைக் குடுத்துட்டுப் போயிருக்காரு. நாளைக்குள்ள சொல்லணும்."

"போட்டுட்டு வந்துடு கண்ணு."

மகள் வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் இருந்தேன். இங்க நான் பேப்பர் பாக்க முடியாது. வெளிய இருக்கறவங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எனக்குத் தைரியம் வரணும்னு. நீ அப்படி இல்ல. நீ கேக்கறேல்ல. ஊரு பூரா உன் காதுலதானே பேசுது."

"அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாதும்மா."

"நம்பர் வேணாம். மாறுச்சா, இல்லையா. அவ்வளவுதான். ஒண்ணும் மாறலன்னா நான் இங்க உக்காந்து மூச்சுத் திணறுறதுல அர்த்தமில்ல, போட்டுட்டு வந்துடறேன், நிஜமா. ஏதாவது மாறியிருந்தா போடமாட்டேன். தப்புன்னு எழுத மாட்டேன்."

அம்மாவுக்கு உள்ளே ஒரு கணக்கு ஓடியது. ஒண்ணும் மாறல. இரண்டே சொல். அதுவும் முழுப் பொய் இல்லை. வெயில் என்று சொன்னவர்கள் கூடவில்லை என்று தராசே சொன்னார். அந்த இரண்டு சொல்லைச் சொல்லிவிட்டால், நாளை இரவு இந்தப் பிள்ளை தன் அறையில், தன் மெத்தையில், ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கும். பெற்றவள் வேறு எதை யோசிப்பாள்?

மகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அம்மாவைத் தெரியும்.

"யோசிக்காதம்மா. முதல்ல தோணுறதைச் சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள்.

9

இங்கேதான் நான் நின்றுவிட்டேன். வாரக்கணக்கில் அவள் திறந்த வாயோடு அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பாவமாக இருக்கிறது. ஏதாவது செய்ய வேண்டுமே என்று சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. "ஒண்ணும் மாறல கண்ணு" என்கிறாள். மகள் கையெழுத்துப் போடுகிறாள். வீட்டுக்கு வருகிறாள். நாற்காலியும் வருகிறது, காலில் கட்டிய அட்டையோடு. அம்மா அட்டையை வெட்டி எடுத்துவிட்டுச் சோறு போடுகிறாள். மகள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், மூச்சு சீராக இருக்கிறது. பல மாதங்களுக்குப் பிறகு கணிப்பின் அறிக்கை வெளிவருகிறது. எட்டாம் பெட்டியைப் பற்றி அதில் இரண்டு பத்தி. மகள் படிக்கிறாள். சண்டை போடவில்லை. அன்று இரவு சாப்பிடும்போது, "இன்னிக்கு ஆபீஸ், முதல்ல தோணுறது?" என்று மகள் கேட்கவில்லை, அம்மாவும் எதுவும் கேட்கவில்லை, பிறகு எப்போதுமே...

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

இரண்டாவது. "மாறியிருக்கு" என்கிறாள். மகளின் முகம் மலர்கிறது. பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். அம்மா வீட்டுக்கு வந்து ஜன்னலை எல்லாம் திறந்துவைத்துக்கொண்டு, காற்று வராத ஒரு அறையை நினைத்துக்கொண்டு விழித்திருக்கிறாள். இதைப் படித்த நண்பர் ஒருவர், இதுதான் துணிச்சலான முடிவு, இதையே வையுங்கள் என்றார். அவருக்குப் பிள்ளை இல்லை.

மூன்றாவது. அம்மா எல்லாவற்றையும் சொல்கிறாள். திட்டியவர்களை, ஆற்றில் தள்ளச் சொன்னவரை, இன்டர்வியூ தவறிய பையனை, நாற்காலி சுட்டு எழுந்துகொண்ட பெரியவரை, தான் சிரித்துக்கொண்டே ஏழில் தள்ளியதை. பையனைப் பற்றிச் சொன்னபோது மகள் கண்ணை மூடிக்கொள்கிறாள். பிறகு கரடி போய் நாற்காலி வந்ததைச் சொல்கிறாள்.

"கரடியா?"

"கரடிதான்."

மகள் சிரிக்கிறாள். சிரிப்பு மூச்சில் இடறி இருமலாகிறது. இருமல் நிற்பதற்குள் காவலர் வந்து நேரம் முடிந்தது என்கிறார்.

மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் சரியான இடத்தில் காவலரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொல்வது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பித்தல். பேப்பர் அப்படியே இருக்கிறது. நாளைக்குள் சொல்ல வேண்டும்.

10

அதனால் இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறேன்.

மாறியதா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. தராசுக்கும் தெரியாது. எனக்கு நிச்சயமாகத் தெரியாது, நான் கரடி சொன்ன ஆள். மாறியிருந்தால் அது ஆட்களின் தலைக்குள்தான் மாறியிருக்க வேண்டும், அந்த ஆட்களில் நீங்களும் ஒருவர். அந்தக் கணிப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இந்தப் பக்கத்தை மூடி வைத்த பிறகு, வேறு ஏதோ வேலையில் இருக்கும்போது, உங்கள் வீட்டுப் போன் அடிக்கலாம். ஒரு பெண் மரியாதையாகக் கேட்பார், பருவநிலை மாற்றம் என்று சொன்னதும் உங்கள் மனதில் முதலில் என்ன தோன்றுகிறது என்று.

வெயிலில் காய்ந்த ஒரு நாற்காலி தோன்றினால், இந்தக் கதையைப் படித்ததால் மட்டும் தோன்றுவதும் கணக்கில் சேருமா என்று தராசைக் கேட்டுப் பார்த்தேன். "அது எங்க வேலை இல்லைங்க" என்று சொல்லிவிட்டார்.

இன்டர்வியூ தவறிய பையன் தோன்றினாலும் தோன்றட்டும், மறைக்க வேண்டாம். ஒன்றுமே தோன்றாவிட்டால் அதற்கும் ஒரு பெட்டி இருக்கிறது.

வலைக்கு இந்தப் பக்கம் அவள் ஹெட்போன் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். இந்த முறை முதல் சொல்லோடு நிறுத்தமாட்டாள், மீதியையும் கேட்பாள். நீங்கள் சொல்வதை ஒன்று கூட்டாமல், ஒன்று குறைக்காமல் மகளிடம் சொல்லிவிடுவாள். மகள் அதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவாள், அல்லது பேனாவைத் திருப்பிக் கொடுப்பாள்.